காரைக்கால் பீப்பாய்

"அம்மா, எல்லாம் நீங்க செஞ்ச மாதிரியேதான் செஞ்சேன். உங்களுது வரல."

கலியமூர்த்தி இதை ஒரு தொட்டியைப் பார்த்துச் சொன்னார்.

தொட்டிக்குள் சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. விளிம்புக்கு மேலே ஒரு தலை எழுந்தது. முடியெல்லாம் தானியத் திப்பி.

"யாரு, ஐயாவா? பஸ்ஸுலயா வந்தீங்க?"

"ஆமா."

"காரைக்கால்லேர்ந்து நின்னுக்கிட்டேவா?"

"கடலூர் வரைக்கும் நின்னேன். அம்மா, நான் கேட்டது..."

"சூசை! ஐயாவுக்கு ஒரு நாற்காலி."

தலை உள்ளே போய்விட்டது.

பாகூருக்குத் தெற்கே சவுக்குத் தோப்பின் ஓரத்தில் இருந்தது அந்த வடிசாலை. முன்பு ஐஸ் கம்பெனியாக இருந்த கொட்டகை. இரண்டு தொட்டி, ஒரு செம்புக் கலம், சுவரோரம் முப்பது பீப்பாய். அதில் விஸ்கி வடிப்பவர்தான் தொட்டிக்குள் இருந்த பெண், அடேல். முப்பத்திநாலு வயது.

கலியமூர்த்திக்கு ஐம்பத்தேழு. சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்தவர். ஐந்து வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து, ஒரு வருடம் தொட்டி கழுவி, மூட்டை தூக்கி, அடேலிடம் தொழில் படித்தார். பிறகு ஊருக்குப் போய் வீட்டுக்குப் பின்னால் தனக்கென்று ஒரு கொட்டகை போட்டுக்கொண்டார்.

நாற்காலி வந்தது. கலியமூர்த்தி உட்காரவில்லை. தோள்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நாற்காலியில் வைத்தார்.

"என்ன இது?" என்றார் சூசை. அடுப்பு பார்க்கிறவர் அவர். கரி படியாத இடம் பல் மட்டும்தான்.

"மூணு வருஷம்."

"எத்தனை பீப்பாய் போட்டீங்க?"

"ஒண்ணு."

"ஒண்ணா?"

"அது அம்மாவுது மாதிரி வந்தாத்தான் ரெண்டாவது போடறதுன்னு இருந்தேன்."

"மூணு வருஷமா ஒரே பீப்பாயா? அடை காக்குற கோழிகூட பத்து முட்டை வெச்சுக்கிட்டு உக்காருமே ஐயா!"

தொட்டிக்குள் சிரிப்பு எதிரொலித்தது.

"சிரிங்க," என்றார் கலியமூர்த்தி. "சாயங்காலம் நாலு மணிக்குப் பாவாடைசாமி போன் பண்ணுவான்."

"அது யாரு?" என்றது தொட்டி.

"தரகர். பிராந்தி கம்பெனிக்கு வாங்கித் தர்றவன். நான் சரின்னு சொன்னா நாளைக்குக் காலையில டெம்போவோட வந்து பீப்பாயைக் காலி பண்ணிக்கிட்டுப் போயிடுவான். அவங்க பெரிய தொட்டியில ஊத்திக் கலந்துடுவாங்க. கலத்தைப் பழைய செம்புக்குப் போட்டுட்டு நான் வீட்டுல உக்காந்துக்குவேன்."

சுரண்டல் நின்றது.

"நாலு மணிக்கா?"

"நாலு மணிக்கு."

"இப்ப என்ன மணி?"

"ஒண்ணே கால்."

"அப்ப சாப்பிடலாம்," என்று அடேல் தொட்டிக்கு வெளியே ஒரு காலைப் போட்டார்.

சோறு, மத்திக் குழம்பு, ரசம். மூன்று பேரும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"நோட்டு இருக்கா?" என்றார் அடேல்.

இருந்தது. இங்கே இருந்த ஒரு வருடத்தில் கலியமூர்த்தி பார்த்ததையெல்லாம் எண் போட்டு எழுதிய நோட்டு. நூற்று நாற்பத்து மூன்று வரை போயிருந்தது. அவர் இடது கையால் பக்கம் புரட்டி வாசித்தார்.

"ஒண்ணு. பார்லி மூணு பங்கு, முளைகட்டின கேழ்வரகு ஒரு பங்கு."

"செஞ்சீங்களா?"

"செஞ்சேன். பதினெட்டு. கலம் அடிச்சது கும்பகோணத்துச் செம்புக்காரர். அவர்கிட்டயே போனேன். பத்தொம்பது. கலத்தோட கழுத்துக்குக் கீழ, இடது பக்கம், மூணு விரல் அகலத்துக்கு ஒரு சொட்டை."

அடேல் மீனில் முள் எடுப்பதை நிறுத்தினார்.

"அதையுமா?"

"அவர் மாட்டேன்னுட்டார். புதுக் கலத்தை அடிக்க மனசு வரலைன்னார். நான்தான் மரச்சுத்தியலை வாங்கி அடிச்சேன்."

"ஐயா, அது ஏணி விழுந்து ஆன சொட்டை. ஏணியை விட்டவர் இதோ ரசம் ஊத்திக்கிறார்."

"அன்னைக்கு அம்மா என்னைத் திட்டினது நோட்டுல இருக்கா பாருங்க," என்றார் சூசை.

"அப்ப நான் வந்து சேரல. ஆனா அறுபத்தொண்ணு இருக்கு." கலியமூர்த்தி பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். "முதல் சொட்டு விழறதுக்கு முன்னாடி அம்மா கலத்தைத் திட்டுவாங்க. 'ஓடுடி சனியனே.' மூணு தடவை."

"மாதாவே. அதைச் செஞ்சீங்களா?"

கலியமூர்த்தி நோட்டை மூடினார்.

"எனக்கு அந்த வார்த்தை வாயில வராதும்மா. 'கொஞ்சம் ஓடுங்க'ன்னு சொன்னேன்."

சூசைக்குப் புரையேறியது.

"அதனால வரலையோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு," என்றார் கலியமூர்த்தி. அவர் சிரிக்கவில்லை.

கையைக் கழுவிவிட்டுக் கலத்தடிக்குப் போனார்கள்.

காலையிலிருந்து கலம் வடிந்துகொண்டிருந்தது. முதலில் வருவது தலை. பெயின்ட் வாசனை அடிக்கும், அதைக் கொட்டிவிட வேண்டும். அடுத்து வருவது நடு. அதுதான் பீப்பாய்க்குப் போவது. கடைசியில் வருவது வால். அதில் ஈரச் சாக்கு நாறும். நடு முடிந்து வால் தொடங்கும்போது ஒரு சின்னச் செம்புக் குழாயை இந்தப் பானையிலிருந்து அந்தப் பானைக்குத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. எப்போது என்பதுதான் தொழில்.

அடேல் உள்ளங்கையில் நான்கு சொட்டுப் பிடித்தார். இரு கையையும் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னும் நேரம் இருக்கு."

"அம்மா, என் பாட்டிலை..."

அடேல் அலமாரியைத் திறந்து மூன்று கண்ணாடிக் கோப்பைகளை எடுத்தார். முதுகைக் காட்டிக்கொண்டு மூன்றிலும் ஊற்றினார். வரிசையாக வைத்தார்.

"இதுல என்னுது எதுன்னு சொல்லுங்க."

கலியமூர்த்தி சட்டைக் கையை மடித்துவிட்டார். இந்தச் சோதனை அவருக்குப் பிடிக்கும். முதல் கோப்பையில் மூக்கை வைத்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"தேன். காஞ்ச ஆரஞ்சுத் தோல். இது உங்களுது. சந்தேகமே வேணாம்."

"ரெண்டாவது?"

"வறுத்த கேழ்வரகு. முன்னால ஒரு காரம் ஓடுது. யாரோ அவசரக்காரன்."

"மூணாவது?"

"வெல்லப் பாகு. ஆனா எழுந்திரிக்கவே இல்ல. வடிச்சவன் தூங்கிட்டான்."

சூசை வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"அவசரக்காரியும் நான்தான்," என்றார் அடேல். "தூங்கினவளும் நான்தான்."

கலியமூர்த்தி மூன்றையும் மறுபடி முகர்ந்தார். வலமிருந்து இடமாக ஒருமுறை. கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை.

"மூணும் வேற வேறயா இருக்கு."

"ஆமா."

"ஒரே கலம், ஒரே கை."

"ஆமா."

"அப்ப நான் எதை மாதிரி வரலைன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்?"

"அதைத்தான் நானும் சாப்பாட்டுலேர்ந்து யோசிக்கிறேன்."

கலியமூர்த்தி விடவில்லை. மூன்றிலும் விரல் நுனியை நனைத்து நாக்கில் வைத்தார். நெடுநேரம் கழித்துத் தலையை ஆட்டினார்.

"இல்லம்மா. மேல வேற வேறதான். ஆனா அடியில ஒண்ணு இருக்கு. மூணுலயும் இருக்கு. மூணுலயும் நீங்க இருக்கீங்க. என்னுதுல நீங்க இல்ல."

"உங்க பீப்பாய்க்குள்ள எனக்கு என்ன வேலை?"

கலியமூர்த்திக்கு முகம் வாடிவிட்டது. மணி பார்த்தார். மூன்றே கால்.

அடேல் அவருடைய பாட்டிலைத் திறந்தார்.

ஒரு கோப்பையில் ஊற்றினார். மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டார். முகர்ந்தார். கோப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெளிக்காற்றை முகர்ந்தார். திரும்பி வந்து மறுபடி கோப்பையை முகர்ந்தார்.

"சூசை, பக்கத்துல எங்கயாவது நெல் அவிக்கிறாங்களா?"

"இங்க ஏதும்மா நெல்லு? சவுக்குதான் நிக்குது."

"அப்ப இதுலதான்."

சூசை கோப்பையை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். முகர வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கிடையாது. குடித்துவிட்டு அசையாமல் நின்றார்.

"அவிச்ச நெல்லை அண்டாவோட களத்துல கவுத்தா ஒரு ஆவி எழும்பும் பாருங்க," என்றார். "அது."

கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுதான் குத்தம். எனக்குத் தெரியும்."

"எங்கேர்ந்து வந்துது?" என்றார் அடேல்.

"தெரியல."

அடேல் குழாய்ப் பக்கம் திரும்பினார். குழாயிலிருந்து நூல் போல வடிந்துகொண்டிருந்தது.

"தெரியும்," என்றார் கலியமூர்த்தி. "நோட்டுல எழுதல. யார்கிட்டயும் சொன்னதில்ல. அன்னைக்கு வாலைப் பிரிக்க ஏழு நிமிஷம் தாமதம் ஆயிடுச்சு."

"தூங்கிட்டீங்களா?"

"நானா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இருபத்தெட்டு வருஷம் கொதிகலன் பார்த்தவன் நான். தையல்நாயகி வந்துட்டா."

"அது யாரு?" என்றார் சூசை.

"என் வீட்டுக்காரி."

அவர் கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் ஆலை வேலையை விட்டப்போ அவ ஒண்ணும் சொல்லல. ஒண்ணுமே சொல்லல. ரெண்டு வருஷம். வீட்டுக்குப் போனா சோறு போடுவா, சட்டையைத் துவைச்சுப் போடுவா, பேச்சு மட்டும் கிடையாது. நான் இங்கேர்ந்து ஊருக்குப் போய்க் கொட்டகை போட்டேன். பின்வாசல்லேர்ந்து நாப்பது அடி. ஒரு நாள் எட்டிப் பாத்ததில்ல. அன்னைக்குத்தான் முதல் முதலா வடிக்கிறேன். பின்கட்டுல நெல் அவிச்சுக்கிட்டு இருந்தவ, கையைப் புடவையில துடைச்சுக்கிட்டே வந்து வாசல்ல நிக்கிறா. 'இதுதானா?'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன். உள்ள வாயேன்னேன். வந்தா. இது தொட்டின்னேன். இது கலம்னேன். தொட்டுப் பாத்துட்டு, அம்மாடி சுடுதேன்னா. இங்க என்ன நசுங்கியிருக்குன்னா. நான்தான் சுத்தியலால அடிச்சேன்னேன். என்னை ஒரு மாதிரி பாத்தா. அப்புறம் சிரிச்சா."

கலியமூர்த்தி நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"முழுசா சிரிச்சா. எனக்குக் கை கால் ஓடல. இன்னும் என்ன காட்டலாம், இன்னும் என்ன காட்டலாம்னு இருக்கு. கலத்தைத் திட்டணும், அது ஒரு முறைன்னு அதையும் சொல்லிட்டேன். எங்க, திட்டுங்க பாப்போம்னா. 'கொஞ்சம் ஓடுங்க'ன்னேன். நகருங்கன்னு என்னைத் தள்ளிட்டு அவளே ஒண்ணு திட்டினா பாருங்க..."

"என்னன்னு?" என்றார் சூசை, முன்னால் வந்து.

"அதை வெளிய சொல்ல முடியாது."

"ஐயா, சும்மா சொல்லுங்க."

"முடியாதுய்யா. திரும்பிப் பாத்தா ஏழு நிமிஷம் போயிடுச்சு. வால் பூரா நடுப் பானையில ஓடிக்கிட்டு இருக்கு. பாய்ஞ்சு போய்த் திருப்பினேன். கொட்டிட்டு மறுபடி வடிச்சிருக்கணும். அவ நிக்கிறா. கொட்ட மனசு வரல. அப்படியே பீப்பாய்ல ஊத்தி அடைச்சுட்டேன்."

"இப்ப அவங்க?"

"இப்ப தினம் வர்றா. பீப்பாயைத் தட்டிப் பாத்துட்டுப் போறா. காலையில கிளம்பறப்போகூட, போயிட்டு வாங்க, ஆனா அந்த டெம்போக்காரன்கிட்ட அவசரப்பட்டு வாயை விட்டுடாதீங்கன்னா."

"அம்மா!" சூசை குழாயடியில் நின்று கத்தினார். "வால் வந்துடுச்சு!"

அடேல் எழுந்து போனார். உள்ளங்கையில் பிடித்துத் தேய்த்து முகர்ந்தார். குழாயில் கையை வைத்தார்.

திருப்பவில்லை.

"அம்மா, வால்!"

"இருக்கட்டும்."

"ஒரு வார ஊறல்மா இது!"

"இருக்கட்டும்ங்கறேன்ல."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கலியமூர்த்தி எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கை தானாகக் குழாய்க்குப் போனது. அடேல் அதை ஒரு தட்டுத் தட்டினார்.

"கையை எடுங்க, ஐயா."

மூன்று நிமிடம். நான்கு. சாக்கு நாற்றம் கொட்டகையில் மெல்லப் பரவியது. சூசை சிலுவை போட்டுக்கொண்டார். ஐந்து. கலியமூர்த்தி வேட்டி நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். ஆறு.

ஏழாவது நிமிடம் முடிந்ததும் அடேல் குழாயைத் திருப்பினார்.

நடுப் பானையில் அகப்பையை விட்டு நன்றாகக் கலக்கினார். ஒரு கரண்டி எடுத்து முகர்ந்தார். நாக்கில் வைத்தார். முகம் கோணிக்கொண்டு போனது.

"சாக்கு," என்றார். "ஈரச் சாக்கு. நாய் படுத்த சாக்கு."

சூசை தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடேல் சிரிக்கத் தொடங்கினார். நின்றுகொண்டு சிரிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, எனக்கு வரல."

"அம்மா..."

"உங்களுது எனக்கு வரல. எப்படிச் செஞ்சீங்க? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

கலியமூர்த்தியின் தோள்பையில் இருந்த நோட்டை இழுத்துக்கொண்டார். நூற்று நாற்பத்து மூன்றுக்குப் பிறகு இருந்த வெற்றுப் பக்கத்தைத் திறந்தார். சூசையின் காதில் செருகியிருந்த பென்சிலை உருவினார்.

"ஒண்ணு?"

விளையாடுகிறார் என்று கலியமூர்த்தி நினைத்தார். முகத்தைப் பார்த்தார். அடேல் விளையாடவில்லை. பென்சில் தாளின் மேல் காத்திருந்தது.

"ஒண்ணு," என்றார் கலியமூர்த்தி, மெதுவாக. "வீட்டுக்காரி ரெண்டு வருஷம் பேசக் கூடாது."

அடேல் எழுதினார்.

"எனக்கு வீட்டுக்காரி இல்லையே, ஐயா."

"வீட்டுக்காரரும் இல்ல," என்றார் சூசை.

"சூசை, நீங்க ரெண்டு வருஷம் என்கிட்ட பேசாம இருப்பீங்களா?"

"ரெண்டு நிமிஷம் வேணும்னா முயற்சி பண்றேன்."

"ரெண்டு?" என்றார் அடேல், தாளைப் பார்த்தபடி.

"ரெண்டு. அவ வாசல்ல வந்து நின்னு 'இதுதானா?'ன்னு கேக்கணும்."

"கேட்டுட்டு உள்ள வரணுமா, அங்கயே நிக்கணுமா?"

"உள்ள வரணும்."

"வலது காலா, இடது காலா?"

கலியமூர்த்தி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு அடேல் நோட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் சிரித்தார். சூசையின் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தார். அடேல் பென்சிலைப் பிடித்தபடி பதிலுக்குக் காத்திருந்தார்.

போன் அடித்தது.

மணி நாலு.

"சார், பாவாடைசாமி பேசறேன். அந்தம்மா குடிச்சுப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"காலையில டெம்போ எடுத்துக்கிட்டு வந்துடட்டுமா?"

"வராத."

"ஏன் சார்? அவங்களுது மாதிரியே இருக்குன்னு சொல்லிட்டாங்களா?"

"இல்லப்பா," என்றார் கலியமூர்த்தி. சந்தோஷத்தில் அவர் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. "கொஞ்சம்கூட இல்லையாம்!"